நல்ல நேரத்தில் மாறிய சர்வர்

சர்வர் விற்கும் தொழிலில் பெரிய சங்கடம், வாங்கியவரும் பொருளைப் பார்த்ததில்லை, விற்ற நானும் பார்த்ததில்லை என்பதுதான். திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு பதினோரு வருடமாக இணையதளங்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறேன். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் பரிதாபப்பட்டால் போதும்.

போர்ஷனும் தனி வீடும்

லோகநாயகி அக்கா அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார். அக்கம்பக்கத்தார் அறைகளையும் சேர்த்து நாற்பது அறைக்கு ஒரு புக்கிங் இணையதளம் வைத்திருக்கிறார். பௌர்ணமி நெருங்கினால் கூட்டம் தாங்காமல் அது படுத்துவிடும். வி.பி.எஸ். போதாது, டெடிகேட்டட் சர்வருக்கு மாறுங்கள் என்றேன்.

ரேம், கோர் என்று மிரட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். வி.பி.எஸ். என்பது ஒரே வீட்டைத் தடுத்துப் பல பேருக்கு விட்டது, ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு பூட்டு. டெடிகேட்டட் என்றால் முழு வீடும் உங்களுக்கே என்றேன். வாடகைக்கு விடுகிறவரிடமே போய் வீட்டை உதாரணம் காட்டியது என் புத்தி. நான் தொழிலுக்கு வந்து இரண்டு வருடம் கழித்துப் புரிந்துகொண்ட வி.பி.எஸ். கோளாறை அக்கா இரண்டே நிமிடத்தில் பிடித்துவிட்டார்: "போர்ஷன்லாம் சரி தம்பி, மேல தண்ணி டேங்க் ஒண்ணுதானே? பக்கத்துப் போர்ஷன்காரன் தொறந்து வுட்டுட்டா எனக்கு எங்கேர்ந்து வரும்?"

எலுமிச்சம்பழம்

தனி சர்வர் வாங்க அக்கா சம்மதித்தார். மறுநாள் எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரத்தோடு படியேறி வந்துவிட்டார். புது வண்டிக்குச் செய்கிற மாதிரி இதற்கும் செய்ய வேண்டாமா என்பது அவர் கேள்வி. மிஷின் மும்பையில் இருக்கிறது, என்னையே உள்ளே விட மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் என் லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பது என்று சமரசம் ஆயிற்று. கற்பூரத்தை மட்டும் கெஞ்சிக் கூத்தாடித் தடுத்தேன். அக்காவுக்கு மனசு ஆறவில்லை: "பெங்களூர்னாலும் ஒரு வேன் புடிச்சிப் போயிட்டு வந்திருக்கலாம். அவ்ளோ தூரத்துலயா கொண்டுபோயி வெப்பாங்க?"

ஒன்பதே கால் டு பத்தே கால்

சர்வரை மாற்றும் நேரத்தை அக்கா தினசரி காலண்டர் பார்த்துக் குறித்தார். அது பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் வந்து விழுந்தது. மாதத்திலேயே புக்கிங் குவிகிற நேரம். வேறு நாள் பார்க்கலாம் என்று நான் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் தலையாட்டினேன்.

இணையதளம் இடம் மாறினால் அந்தச் செய்தி எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. சில மணி நேரம் பாதிப் பேர் பழைய சர்வருக்கும் பாதிப் பேர் புதியதற்கும் போவார்கள். அதனால் முதலில் பழையதில் புக்கிங்கை மூட வேண்டும். நல்ல நேரம் முடியப்போகுது என்று அக்கா போனிலேயே நின்றதில் மூட மறந்துவிட்டேன். இரண்டு சர்வரும் போட்டி போட்டுக்கொண்டு அறை கொடுத்தன. மத்தியானம் அக்காவின் போன் வந்தது: "தம்பி, மூணாம் நம்பர் ரூமு சேலத்துக்காரங்க பேர்லயும் இருக்கு, கடலூர்க்காரங்க பேர்லயும் இருக்கு. எது நெசம்?"

ஐந்து அறை, பத்துக் குடும்பம்

ஐந்து அறைகள் அப்படி இரண்டிரண்டு குடும்பத்துக்குப் போயிருந்தன. பௌர்ணமியன்று ஊரில் வேறு அறை தேடுவது வீண் வேலை. மறுநாள் மத்தியானம் பத்துக் குடும்பமும் பெட்டியோடு அக்கா வாசலில் நின்றபோது நானும் அங்கே ஓடினேன். இத்தனை பேர் முன்னால் அக்கா பேர் கெட்டால், என் பேர் செங்கம் சாலையில் எடுபடாது. மன்னிப்புக் கேட்கத் தொண்டையைச் செருமினேன்.

அக்கா என்னைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எத்தனை மணிக்கு மலை சுற்றப் போகிறீர்கள்? ராத்திரி நடக்கிறவர்கள் இப்போது முதுகைச் சாய்த்துவிட்டுக் கிளம்பட்டும். விடியக்காலையில் நடக்கிறவர்கள் அதன் பிறகு வந்து தூங்கட்டும். ராத்திரிக்காரர்கள் திரும்பும் நேரம் விடியக்காலைக்காரர்கள் புறப்பட்டுவிடுவார்கள். வாடகை ஆளுக்குப் பாதி. சேலமும் கடலூரும் சிரித்துக்கொண்டே பைகளை ஒரே அலமாரியில் வைத்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகப் போனேன். இனி இப்படி நடக்காது, பழைய சர்வரை இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றேன். அக்கா பதறிப்போய்விட்டார்: "அத எதுக்கு நிறுத்தற? ரூமு கெடைக்காம அலைய வேண்டிய அஞ்சு குடும்பம் ஜாஸ்தியா வந்து படுத்துட்டுப் போயிருக்கு. அடுத்த பௌர்ணமிக்கும் ரெண்டும் ஓடட்டும் தம்பி."

நாம் தலைகுனிந்து திருத்த வருகிற தப்பைத்தான் வாடிக்கையாளர் வசதி என்று கேட்டு வாங்குகிறார் என்பதே பதினோரு வருடத்தில் நான் கற்ற தொழில்நுட்பம்.