சிரித்தவர் பாட வேண்டும்

என் அண்ணி தட்டிப் பார்க்காத பொருள் இந்தப் பூமியில் கிடையாது. நிலாவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். அதுவும் கை எட்டாத குறைதான். எட்டியிருந்தால், "நல்லா கும்முனு கேக்குது" என்று சொல்லி வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

பாத்திரக் கடையில் விலை கேட்பதற்கு முன்பே விரலை மடக்கி ஒரு தட்டு. "ஓட்டை இல்லம்மா, பயப்படாதீங்க" என்பார் கடைக்காரர். "ஓட்டை இருந்தா பரவாயில்லைங்க, சத்தம் இருக்கான்னு பாக்குறேன்" என்பார் அண்ணி. அதனால் எங்கள் வீட்டில் சோறு குழைந்தாலும் பானை சுருதி பிசகாது. "கல்யாணத்துக்கு முன்னாடி என் தலையையும் தட்டிப் பாத்துத்தான் சரின்னு சொன்னா" என்பான் அண்ணன்.

அண்ணி ஆரம்பப் பள்ளியில் பாட்டு டீச்சர். சின்ன உருவம், பெரிய பை. பைக்குள் தகர டப்பா, பழைய சாவிக்கொத்து, மூடி தொலைந்த சீசா. காது மட்டும் சாதாரணக் காது இல்லை. கதவைத் தட்டி, தபால்காரர் குரலில் கூப்பிட்டு எத்தனையோ தடவை ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். "கதவைத் திறக்கிறேன், இருங்க கொழுந்தனாரே. உங்களுக்கு மூணாவது தட்டு எப்பவும் அரை மூச்சு லேட்டு" என்று உள்ளேயிருந்தே பதில் வரும்.

அவர் வகுப்பில் வாரம் ஒரு பிள்ளை தன் வீட்டுப் பாட்டைக் கொண்டுவர வேண்டும். "ரேடியோ பாட்டு வேணாம். உங்க அம்மா அப்பா வேலை செய்யும்போது என்ன பாடுவாங்க, அது வேணும்." எந்த மொழியாக இருந்தாலும் சரி. இன்னொரு சட்டமும் உண்டு. யார் பாட்டைக் கேட்டு யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம், தடை இல்லை. ஆனால் சிரித்தவர், கொண்டுவந்த பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கற்று, முதல் ஆளாகப் பாட வேண்டும்.

சலவைக்காரர் மகன் பாடியபோது டாக்டர் வீட்டுப் பையன் சிரித்தான், மாட்டினான். மறு வாரம் டாக்டரே பள்ளிக்கு வந்துவிட்டார். "டீச்சர், எங்க வீட்டுல குளியலறைக்குள்ள போனா துணி துவைக்கிற பாட்டு கேக்குது!"

"நல்லது சார். அப்படியே துணியையும் கொடுத்து அனுப்புங்க."

அந்த வகுப்பில்தான் பொம்மை இருந்தாள். பள்ளிக்குப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் அவள் அம்மாவும் அப்பாவும் செங்கல் தூக்கினார்கள். வேறு ஊர், வேறு மொழி. வந்த நாளிலிருந்து வாயைத் திறக்காததால் பிள்ளைகள் வைத்த பெயர் பொம்மை. அண்ணி அவளை அதட்டவில்லை, கொஞ்சவும் இல்லை. மதிய இடைவேளையில் போய் அவள் அம்மாவோடு செங்கல் வரிசையில் நின்றார். கைமாற்றும்போது அவர்களுக்கு ஒரு பாட்டு உண்டு. பிடி, திரும்பு, கொடு என்று மூன்று தட்டு. மறு வாரம் அண்ணி வகுப்பில் அந்த மூன்று தட்டையும் தட்டிவிட்டுச் சும்மா நின்றார். பொம்மை பாடினாள்.

வீட்டு அடுப்படியில் அண்ணி அதைப் பாடிக்கொண்டே இல்லாத செங்கலைப் பிடித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சாச்சா? போய் பொம்மைகிட்ட கத்துக்குங்க."

"நான் உங்க ஸ்கூல்ல படிக்கலையே, அண்ணி."

"நீங்க எந்த ஸ்கூல்லதான் படிச்சீங்க? சட்டம் சட்டம்தான்."

அதிலிருந்து நான் அவர் கண்ணில் படாமல் சாப்பிட்டுவிட்டு ஓடப் பழகினேன். நான் மைக் செட் கடையில் வேலை பார்க்கிறேன். கட்டடத் திறப்பு விழாவுக்கு எங்கள் கடை மைக்தான். பள்ளியில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

தலைமையாசிரியர் தங்கமான மனிதர். விருந்தாளி என்றால் மட்டும் முதுகெலும்பு மெழுகாகிவிடும். "வர்றவங்க பெரிய ஆளுங்க டீச்சர். செங்கல் தூக்குற பாட்டெல்லாம் எதுக்கு? ஒரு எழுத்து புரியாது."

"புரிய வச்சுட்டா போச்சு சார். 'பிடி தங்கச்சி, அடுத்தது வருது. மேஸ்திரி தூங்குறான், மெதுவா பிடி.' அவ்வளவுதான்."

"ஐயையோ, புரிஞ்சா இன்னும் மோசம்!"

"இந்தப் பாட்டைப் பாடித்தான் சார் அந்தச் சுவர் எழும்பிச்சு. சுவர் வேணும், பாட்டு வேணாமா?"

"மேடையில கூடாதுன்னா கூடாது."

"சரி சார். மேடையில கூடாது."

அண்ணி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் ஊருக்கு ஆகாது. கட்டடம் முடிந்துவிட்டது, விழா முடிந்ததும் பொம்மை குடும்பம் அடுத்த வேலைக்கு மூட்டை கட்டப்போகிறது. இந்தப் பாட்டுக்காகத்தான் அந்தக் குழந்தை வாயைத் திறந்தது. அதையும் பிடுங்கி அனுப்பினால் போகிற இடத்திலும் பொம்மைதான்.

விழா அன்று பெரிய ஆள் நாடாவை வெட்டி, பேசி, உட்கார்ந்தார். பிள்ளைகள் பெற்றோர்களுக்கு நடுவே ஆங்காங்கே தரையில் இருந்தார்கள். நன்றி சொல்லத் தலைமையாசிரியர் எழுவதற்குள் அண்ணி மேடைக்குக் கீழே வந்து நின்று கையை உயர்த்தினார்.

கடைசி வரிசையில், மிச்சமான செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் பொம்மை எழுந்தாள். முதல் அடி வந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெரிய ஆள் சிரித்துவிட்டார். குரல் நின்றுபோயிற்று. பொம்மை சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்துத் திருகு திருகு என்று திருகினாள். அண்ணி ஓடிப் போகவில்லை, எடுத்தும் கொடுக்கவில்லை. உயர்த்திய கை அப்படியே நின்றது.

அப்போது ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு ஆள் கை தட்டினானாம். மூன்று தட்டு. மறுபடியும் மூன்று. யாரென்று எனக்குத் தெரியாது. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். பொம்மை நிமிர்ந்தாள். அவள் அம்மா தட்டினார். வேலைக்காரர்கள் தட்டினார்கள். மூலைக்கு மூலை பிள்ளைகள் எழுந்து, தெரியாத மொழியைத் தெரிந்த மாதிரியே பாடினார்கள். டாக்டர் வீட்டுப் பையன் குரல்தான் உச்சம். "ஏதாவது பாட்டைப் போட்டு அமுக்குடா" என்று தலைமையாசிரியர் மைக் செட் பக்கம் சைகை காட்டினாராம். அங்கே ஆள் இல்லை. அதான் சொன்னேனே, டீ.

பாட்டு முடிந்ததும் அண்ணி பொம்மையைக் கைபிடித்து நேரே பெரிய ஆளிடம் கூட்டிப்போனார். "ஐயா சிரிச்சீங்க. எங்க வகுப்புல சிரிச்சவங்க கத்துக்கிட்டுத்தான் போகணும்." கார் ஏறுவதற்குள் அவர் மூன்றில் இரண்டு தட்டைக் கற்றுக்கொண்டார். மூன்றாவதைப் பொம்மை அவர் கையைப் பிடித்தே தட்டிவிட்டாள்.

"மேடையில வேணாம்னு சொன்னேனே!" என்றார் தலைமையாசிரியர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"மேடையில யாரு சார் பாடினாங்க?"

"நாளைக்கு விளக்கம் எழுதிக் குடுங்க."

"ராகம் போட்டே தர்றேன் சார்."

இதையெல்லாம் எழுதி முடித்து, அடுப்படித் திட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனது என் புத்திசாலித்தனம். திரும்பி வந்தால் அண்ணி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் என் தாள்களுமாக நின்றார்.

"டீ குடிக்கவா போனீங்க, கொழுந்தனாரே?"

"ஆமா அண்ணி."

"டீக்கடையிலேருந்து பாத்தா எத்தனாவது பொத்தானைத் திருகுறாள்னு தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்."

"ம்."

அண்ணி தாள்களைக் கீழே வைத்தார். பானை மூடியைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்குக் கரண்டியை ஓங்கியவர், என் முகத்தையே பார்த்தபடி, அரை மூச்சு நிறுத்தி வைத்திருந்துவிட்டுத் தட்டினார்.