முள்ளிப்பட்டில் வாங்கிய கைரேகை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது.

ஆரணியில் நெசவாளர்களின் காப்பீட்டு அட்டைத் தகவல்களைச் சரிபார்ப்பது என் வேலை. எந்தத் தகவலையும் யார் சொன்னது என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஆளை நேரில் பார்த்துக் கைரேகை வாங்கினால் நூறு. அக்கம்பக்கத்தார் சொன்னால் நாற்பது. வேறு தகவலே இல்லையென்றால் அந்த நாற்பதைத்தான் கம்ப்யூட்டர் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். இந்தச் சனியனோடு மூன்று வருடமாக மாரடிக்கிறேன்.

போன ஆனியில் ஒரு காலை முள்ளிப்பட்டு குமரேசன் போன் செய்தார். அவருடைய அம்மா உண்ணாமலை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாராம். உடனே இதய ஆபரேஷன் செய்தாக வேண்டும். அட்டையைப் போட்டால் ‘இறந்தவர்’ என்று வருகிறதாம்.

பதிவைத் திறந்து பார்த்தேன். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் தறி நின்றுவிடும். கணக்கெடுக்கப் போன ஆள், நாள்கணக்கில் தறிச் சத்தம் இல்லையே என்று எதிர்வீட்டில் கேட்டிருக்கிறார். புதிதாகக் குடிவந்த அவர்களும், அந்த அம்மா போய்ச் சேர்ந்திருப்பார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்கள். நாற்பது.

உயிரோடுதான் இருக்கிறார் என்று இரண்டு பேர் சாட்சி சொன்னால் மாற்றிவிடலாம். அலுத்துக்கொண்டே முள்ளிப்பட்டுக்கு வண்டியை எடுத்தேன்.

உச்சி வெயில். கரண்ட் வேறு இல்லை. பவர்லூம்கள் எல்லாம் ஓய்ந்து கிடந்தன. தெருவில் ஒரு ஆள் இல்லை.

டக்... டக்... டக்...

உண்ணாமலை வீட்டுக்குள் கைத்தறி ஓடியது.

எட்டிப் பார்த்தேன். தறியில் அந்த அம்மாதான். பதிவில் இருந்த போட்டோவில் பார்த்த அதே முகம். அட்டைக்காக இப்படியா புளுகுவான் என்று குமரேசன் மேல் எரிச்சல் வந்தது.

கிட்டே போனேன். குறுக்கு நூலை இழுத்துப் போகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. அதில் நூல் இல்லை...

அவர் புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

கைரேகை மெஷினைப் பையிலிருந்து எடுத்தேன். அவரே விரலை நீட்டினார்.

“ஜல்தி வாங்கிக்கப்பா. நான் திரும்பிப் போவணும்.”

பட்டு நூல் தேய்த்த விரலில் ரேகை நிற்காது. ஐந்தாறு தடவை வைத்தால்தான் மெஷின் ஏற்கும்.

முதல் தடவையே ஏற்றது.

விரல் ஜில்லென்று இருந்தது.

மணி 12.17.

நிமிர்ந்தேன்.

தறியில் யாரும் இல்லை...

மிதிக்கட்டை மட்டும் ஆடியது.

தெருவுக்கு எப்படி வந்தேனோ தெரியாது. பத்து நிமிடம் கழித்துத்தான் குமரேசனைக் கூப்பிட்டு, அம்மா எங்கே என்று கேட்டேன்.

“இங்கதான் சார். அட்டை இப்பதான் எடுத்துச்சு. ஆபரேஷனுக்கு இட்டுகினு போறாங்க” என்று அழுதார்.

அந்த அம்மா பிழைத்துவிட்டார். ஊருக்கு வந்ததும் போய்ப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. குமரேசன்தான் வாசல் வரை வந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னார். அன்றைக்கு ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவுக்கு இதயம் நின்றே போய்விட்டதாம். நெஞ்சை அமுக்கி அமுக்கித்தான் உயிரைத் திருப்பினார்களாம். நின்றது 12.16. மறுபடி துடித்தது 12.19.

அந்த மூன்று நிமிடமும் எதிர்வீட்டார் சொன்னதுதான் உண்மை. நேரில் பார்த்து நான் போட்ட நூறுதான் பொய்.