குளச்சல் சவுக்கையில் கம்பளிக் குப்பாயங்கள்

அதிகாரிகளை எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் குளச்சல் சுங்கச் சவுக்கையில் ஒருநாள் ஓர் அதிகாரியின் முன்னால் வாயடைத்து நின்றேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி.

முப்பதுகளின் தொடக்கம் அது. புதுக்கடையில் எனக்குத் துணிக்கடை இருந்தது. கணவர் இறந்த பிறகு நானே நடத்தினேன். என் தங்கச்சியின் மாப்பிள்ளைக்குப் பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை. முந்தின மழையில் அங்கே அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, பிணம் மாதிரி இறங்கி வந்தாள். கம்பளி இல்லாமல் இன்னொரு மழைக்கு மலையேறினால் திரும்பி வரமாட்டாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் அப்பாவோடு மலையில் இருந்தார்கள். திங்கட்கிழமை போயே தீருவேன் என்றாள்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்த்த அண்ணனிடம், சீமையில் பெண்களுக்கென்று பின்னிய கம்பளிக் குப்பாயம், அதாவது குளிருக்குப் போடுகிற சட்டை, ஒரு கட்டு அனுப்பச் சொல்லியிருந்தேன். தங்கச்சிக்கு ஒன்று, மிச்சம் மலைக்குப் போகிற மற்றப் பெண்களுக்கு விற்க. கூடவே ஒரு கட்டளையும் போட்டேன். அந்தக் குப்பாயங்கள் தலைவழியாக மாட்டுகிறவை. எங்கள் ஊரில் எவள் எண்ணெய்க் கொண்டையைக் கலைத்துக்கொண்டு துணியைத் தலைவழியாக இழுப்பாள்? எங்களுக்குக் குப்பாயம் என்றால் முன்பக்கம் திறக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் முன்னால் நெடுக வெட்டி, ஓரம் தைத்து, பொத்தான் வைத்து அனுப்பச் சொன்னேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

கட்டு கப்பலில் வந்து இறங்கியதும், அவள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை சவுக்கைக்குப் போனேன். அதிகாரி திருவனந்தபுரத்துக்காரர், ஒல்லியான மனிதர். கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதில் கத்திரி பட்டிருக்கு, தையலும் பட்டிருக்கு,” என்றார். பின்னிய உடுப்புக்கு ஒரு தீர்வை, துணியை வெட்டித் தைத்த உடுப்புக்கு வேறு தீர்வையாம். இது எந்த இனம் என்று திருவனந்தபுரத்துக்கு மாதிரி அனுப்பிக் கேட்க வேண்டுமாம். பதில் வர இரண்டு வாரம்.

“திங்கக்கிழமை எனக்க தங்கச்சி மலைக்குப் போறா ஏமானே. அவளுக்கு நெஞ்சு கெட்டுக் கிடக்கு. வெட்டச் சொன்னது நான்தான். கூடின தீர்வையையே போடும், கெட்டிட்டுப் போறேன்.”

“கூடுதல் வாங்குறதும் தப்புதான் அக்கா.”

“உம்ம சரியும் தப்பும் சேந்து அவளுக்குப் பாடை கெட்டும்.”

வாசலில் நின்ற சிப்பாய் சிரித்தான். “எக்கா, மெதுவாப் பேசும். கடல்ல நிக்கிற கப்பல் பயந்து திரும்பிப் போயிரும்.”

“நீ ஒனக்க சோலியப் பாருல.”

அதிகாரி கோபப்படவில்லை. எனக்கு அதுவே இன்னும் எரிச்சல். ஒரு குப்பாயத்தை எடுத்துச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். “ஒண்ணு கெட்டுப்போகும். சம்மதமா?” என்றார். கெடட்டும் என்றேன்.

கையைத் தோளிலிருந்து பிரித்தெடுத்து, கைக்கு அடியில் நெடுக ஓடிய தையலையும் பிரித்து, மேசைமேல் விரித்தார். பூதக்கண்ணாடியை என்னிடமே நீட்டினார். பார்த்தேன். நான் வடசேரித் தறிகளைப் பார்த்து வளர்ந்தவள். துணி என்றால் எனக்கு நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடும்தான். இங்கே இரண்டும் இல்லை. ஒரே நூல். கண்ணிக்குள் கண்ணியாக ஓரம்வரை போய், வளைந்து, திரும்பி, அடுத்த வரிசையாகிறது. ஓரத்தில் அறுந்த இழை ஒன்றுகூட இல்லை. மணிக்கட்டுப் பக்கம் கை ஒடுங்கியிருந்தது, ஆனால் கத்திரி படவில்லை. ஒடுங்க வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு கண்ணி ஒரு கண்ணியாகியிருந்தது. அவர் தோள்முனையில் நூலை இழுத்தார். கை முழுக்க வரிசை வரிசையாகக் கரைந்து, மேசைமேல் சுருள் சுருளாக விழுந்தது. அத்தனை வருஷம் துணி விற்றவள் நான். அந்தச் சுருளைக் கையில் எடுத்து விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கர்த்தர் முதுகெலும்பைக் கோத்த மாதிரி யாரோ இதைக் கோத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

“இதுக்கு உருவம் கொடுத்தது பின்னல்தான், கத்திரி இல்ல. நீங்க வெட்டினது பிறகு. இனி மாதிரி அனுப்பிக் கேக்க வேண்டாம்,” என்றார். அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டு, “இடுப்பில் கண்ணி குறைஞ்சு, மேலே போகப்போகக் கூடுது. பெண்களுக்கு உள்ளதுதான்,” என்றார். அவர் காது சிவந்திருந்தது. சிப்பாய் வாயைத் திறக்குமுன் நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

பின்னிய பெண்கள் உடுப்பு என்று எழுதி, அதற்குள்ள தீர்வையை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே கட்டை விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை புதுக்கடையில் தங்கச்சி குப்பாயத்தைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். வெயில் கொளுத்தியது. முகமெல்லாம் வேர்வை.

“ஏட்டி, மலையில போய் இட்டா போதும். இங்கயே வெந்து சாவப் போற.”

“கழத்தினா நீ இதையும் எவளுக்காவது வித்துப்போடுவ.”

பஸ் வந்தது, போனாள். மழை முடிந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். இருமல் இருந்தது. ஆனால் வந்தாள்.