பாண்டி அண்ணன் கேசட்டும் அந்தோணி அண்ணன் கையும்

1. நான் சொன்ன ஒரு வார்த்தை

பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்த கையோடு, போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் சேர்ந்தேன். இண்டர்வியூ கார்டு வரும்வரைதான் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உள்ளுக்குள் அப்படி நினைக்கவில்லை. இரண்டு டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், நாள் முழுக்கப் பாட்டு, வேறென்ன வேண்டும்? இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஹெட் துடைப்பதையும் லெவல் வைப்பதையும் ஒரு வாரத்தில் படித்துக்கொள்வார்கள். எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துப் புரிந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. அந்தோணி அண்ணன் கிதார் வாசித்ததில் எது உச்சம்? அவர் ஒரு காலத்தில் கொடைக்கானல் ஓட்டலில் ராக் வாசித்தவர். அப்புறம் பகலில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை, கச்சேரி நாளில் சண்முகம் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் லீட் கிதார். கச்சேரி தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று, பாட்டில்லாமல் தனியாக வாசிப்பார். அதற்கென்றே கூட்டம் வரும்.

ஜீப் ஓட்டும் பாண்டி அண்ணன் கட்சி, எழுபத்தஞ்சுதான் உச்சம் என்பது. குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அந்த வருஷம் நடந்த கச்சேரியை அவரே டேப் பண்ணியிருந்தார். எங்கள் கடையில் அதிகம் காப்பி போன கேசட் அதுதான். முதல் வாசிப்பே வேகம். கடைசி வாசிப்பு அதைவிட வேகம். "போகப் போகக் கை சூடேறுது பாருப்பா" என்பார். இப்போதுதான் நன்றாக வாசிக்கிறார் என்று காலேஜ் பையன்கள் சொன்னால், உங்களுக்கு அன்றைக்குப் பல்லே முளைத்திருக்காது என்று அடக்கிவிடுவார். நானும் அவர் கட்சி.

எண்பத்து நாலில் ஒருநாள் சண்முகம் அண்ணன் கடைக்கு வந்து என்னிடம் கேட்டார்: "நீ நாள்பூரா இதத்தான கேக்குற. அந்தோணி கை எப்படி இருக்கு?"

"வேகம் கொறஞ்சிருச்சுண்ணே" என்றேன்.

கடையில் மாட்டிக்கொண்டதில் அவர் கச்சேரிக்கு நான் போயே ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேசட்டை மட்டும் கேட்டுவிட்டுச் சொன்ன பதில் அது.

2. வெள்ளிக்கிழமை

இரண்டு வாரம் கழித்து அந்தோணி அண்ணன் கிதாரோடு வந்தார். மதுரையிலிருந்து ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை ரிகர்சலுக்கு வருகிறானாம். கேசட்டில் இருக்கிற வேகத்தில் கடைசி வாசிப்பை யார் வாசிக்கிறார்களோ அவருக்குத்தான் குழுவில் இடம் என்று சண்முகம் சொல்லிவிட்டாராம். நான் சொன்னதால்தான் என்று அவருக்குத் தெரியாது.

கேசட்டைப் போடச் சொல்லிக் கூடவே வாசித்துப் பார்த்தார். சுருதி சேரவில்லை. கம்பிகளை முறுக்கி ஏற்றினார்.

"எப்பவும் மூணு கட்டையிலதேன் வாசிப்பேன். அன்னைக்கு ஏத்தி முறுக்கியிருப்பேன் போல. நானும் ஒம்பது வருசமா வீட்ல இதுகூட ஓடிப் பாக்குறேன், எட்ட மாட்டேங்குது" என்றார்.

கிதார் கம்பியை ஏற்றி முறுக்கலாம். ஆனால் அந்தக் கேசட்டில் கூடவே ஒரு ஆர்மோனியமும் கேட்கிறது. ஆர்மோனியத்தை எப்படி முறுக்குவது?

அவரை உட்காரவைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். சண்முகம் அண்ணனையும் அவருடைய ஆர்மோனியத்தையும் கடைக்குக் கொண்டுவந்தேன். எழுபத்தஞ்சுக் கச்சேரியில் அவர் வாசித்த அதே பெட்டி. கேசட்டை ஓடவிட்டேன். மூன்று கட்டையை அழுத்தினார், சேரவில்லை. முதல் வாசிப்பு நாலு கட்டையில் நின்றது. கடைசி வாசிப்பு நாலரைக்கே போய்விட்டது.

"எம் பொட்டி எப்படிடா ஏறும்?" என்றார்.

அந்த நேரம் லோடு இறக்கிவிட்டு வந்த பாண்டி அண்ணனிடம் டேப் பண்ணிய கதையைக் கேட்டேன். ஜெனரேட்டர் கரண்டு மைக்குக்கும் கிதாருக்கும் மட்டும்தான் இருந்ததாம். அவர் கூட்டத்துக்கு நடுவில் பேட்டரி ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"புது பேட்டரியாண்ணே?"

"பழசுதேன். ஆனா ரெண்டு நாள் நல்லா வெயில்ல காயவச்சுத்தேன் போட்டேன்" என்றார், பெருமையாக.

வெயிலில் காய்ந்த பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு இறங்கும். மலைக்குளிரில் இன்னும் வெரசா இறங்கும். பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பதிவானதைக் கடை டெக்கில் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாமே வேகமாகவும் ஏறின சுருதியிலும் கேட்கும். சூடேறினது கையல்ல.

டெக்கைத் திறந்து மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, ஆர்மோனியத்தின் மூன்று கட்டையோடு சேரும்வரை வேகத்தைக் குறைத்தேன். கடைசி வாசிப்பு நிஜ வேகத்தில் ஓடியது. சாதாரணமான வேகம்தான். சற்றுமுன் அந்தோணி அண்ணன் இங்கே வாசித்ததைக் கேட்டேனே, வீட்டில் துரத்தித் துரத்திப் பழகிய அந்தக் கை இதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

"அப்ப ஒம்பது வருசமா நான் பேட்டரிகூடயா மல்லுக்கட்டியிருக்கேன்?" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

வேகம் குறைந்துவிட்டது என்று சொன்னவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், இன்னொரு தரம் போடு என்றார். கடைசிவரை கேட்டார்.

"பய நல்லாத்தேன் வாசிக்கிறான். ரொம்ப அவசரப்படுறான்" என்றார். எழுபத்தஞ்சு அந்தோணியைத்தான்.

சண்முகம் அண்ணன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டே, மதுரைப் பையனுக்கு ரிதம் கிதார் கொடுத்துக்கொள்ளலாம், லீட் இவருக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. அதற்குப் பிறகு

திருத்திய காப்பியைப் பாண்டி அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். "நல்லா ஓடுனவன நொண்ட வச்சுட்டியேப்பா" என்றார். அவருக்குப் பழைய வேகத்திலேயே போட்டுக்கொடுக்கிறேன்.

மாஸ்டர் கேசட் எது வந்தாலும் கரண்டில் எடுத்ததா, பேட்டரியில் எடுத்ததா என்று கேட்காமல் நான் இப்போது டெக்கில் போடுவதில்லை. அந்தோணி அண்ணனின் உச்சம் எது என்று யாராவது என் அபிப்பிராயம் கேட்டால், அடுத்த கச்சேரி சிலமலையில் என்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நான் கடைக்கு லீவு.