தீவை ஏன் பிடிக்கிறார்கள்

அம்மா மீன் தொடுவதில்லை. எனக்காக வாங்குவார், சமைப்பார். உப்புப் பார்க்கக்கூட ஒரு சொட்டுக் குழம்பை நாக்கில் வைக்கமாட்டார். தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாருக்கு வைத்த நேர்த்திக்கடன் அது. அப்பா திரும்பி வரும்வரை மீன் இல்லை.

அப்பா மீன்பிடிக்கிறவர். எங்கள் தீவில் அரச கடற்படை இறங்கிய காலை, "வள்ளத்தைக் கரையேத்திப்போட்டு வாறன்" என்று போனவர். நாங்கள் தீவுக்கு எதிரே இருந்த பெரிய கரைக்குத் தப்பி, கடைசியில் மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியின் ஒரு அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தோம். போர்நிறுத்தக் காலத்தில் ஊர் போய் வந்தவர்களையெல்லாம் அம்மா கோயில் வாசலில் மறித்து விசாரித்தார். ஒருவரிடமும் செய்தி இல்லை. "பிடிச்சிருந்தாலும், ஒரு பாவமும் அறியாத மனிசன், விட்டுடுவாங்கள்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்தவரைச் செத்தவர் என்று சொல்ல இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? ஆனால் வாய் திறந்து கேட்டதில்லை.

ஒரு இலையுதிர் காலத்தில் நான் பகலில் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வேலை செய்துகொண்டு, மாலையில் டவுன்டவுனில் வரலாறு படித்தேன். "கலியாணம் கட்டுற வயசில கப்பல் படிக்கிறாள்" என்று அம்மா பூசைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பால்கன் போரில் கிரேக்கக் கடற்படை துருக்கியரிடமிருந்து லெம்னோஸ் தீவைப் பிடித்ததைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை, குசினி மேசையில் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "ஒரு சின்னத் தீவைப் பிடிச்சு அவங்களுக்கு என்ன பிள்ளை லாபம்?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு தட்டுகளை இடைவெளி விட்டு வைத்தேன். "இது நீரிணை. துருக்கிக் கப்பல் இதாலதான் வெளியில வரவேணும்." அந்த இடைவெளியின் வாசலுக்கு முன்னால், புளிக்கு வைத்திருந்த ஒரு தேசிக்காயை வைத்தேன். "இது லெம்னோஸ். இங்க கப்பலை நிப்பாட்டினால் வாசலை அடைச்சுப்போடலாம். அவங்களுக்குத் தீவு தேவையில்லை அம்மா, பக்கத்துத் தண்ணிதான் தேவை."

"தீவுச் சனம்?"

"கனபேர் கிரேக்கச் சனம்தான். சந்தோசமா வரவேற்றதாம்."

"துருக்கிச் சனமும் இருந்திருக்குமே?"

புத்தகத்தைப் புரட்டினேன். சிறிய காவற்படை சரணடைந்தது என்று ஒரு வரி இருந்தது. ஊர்ச்சனத்தைப் பற்றி எதுவும் இல்லை.

அம்மா தேசிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட தீவையும் இதுக்குத்தான் பிடிச்சவங்களோ?"

"ஓம். பெரிய கரைக்குப் போற வள்ளங்களை மறிக்க."

"அப்ப கரையில வள்ளத்தோட நிண்ட ஆக்கள்?"

"அவையைத்தான் முதல் பாப்பாங்கள். கப்பல் வந்ததை மற்றக் கரைக்குப் போய்ச் சொல்லிப்போடுவினம் எண்டு..."

அந்தக் காலை கரையில் வள்ளத்தோடு நின்றவர் அப்பா. அம்மா அழவில்லை. தேசிக்காயை எடுத்துக் கூடையில் போட்டார், தட்டுகளைக் கழுவி வைத்தார், படுக்கப் போனார். நான் வெகுநேரம் அந்த மேசையிலேயே அழுதேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் மீன்குழம்பு வைத்தார். வழக்கம்போல எனக்குப் போட்டார். பிறகு இன்னொரு தட்டை எடுத்து, தனக்கும் சோறு போட்டு, ஒரு துண்டு மீனை வைத்தார்.

"நவம்பரில செத்த ஆக்களுக்கு ஒப்புக்குடுக்கிற பூசையில அப்பாவையும் சேக்கச் சொல்லி பங்குச் சுவாமியிட்டச் சொல்லிப்போட்டன்" என்றார்.

முள்ளை மெல்ல எடுத்து, ஒரு வாய் சாப்பிட்டார்.

"உப்புக் காணாது பிள்ளை" என்றார். "இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"