உச்சி வெயிலில் எடுத்த இருட்டு

பேய்ப்படம் எடுக்கப் போகிறோம் என்று நானும் என் சிநேகிதனும் கங்கணம் கட்டிக்கொண்டபோது, எங்கள் இரண்டு பேருக்குமே ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணை வேண்டும். அந்த லட்சணத்தில்தான் எங்கள் கலை ஆரம்பமானது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் வருஷம் முடித்துவிட்டு, கோடை விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வந்திருந்தோம். கொழும்பில் கடை வைத்திருந்த அவனுடைய மாமா, கையடக்கக் கேமரா ஒன்றும், கையால் சுற்றிப் படம் காட்டும் புரொஜக்டர் ஒன்றும் கொடுத்திருந்தார். பிலிம் ஒரே ஒரு சுருள்தான், மொத்தம் நாலு நிமிஷம் ஓடும். அதனால் ஆரம்பக் காட்சியை மட்டும் எடுத்து, கல்லூரி ஆண்டு விழாவில் காட்டி எல்லோரையும் மிரள வைப்பது என்று திட்டம்.

கேமராவோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தோம். ராத்திரிக் காட்சியை ராத்திரியில் எடுக்கக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. வெயில் உறைக்கும் நேரத்தில், வானம் படத்தில் விழாதபடி, லென்ஸின் துளையைச் சுருக்கி, முன்னால் சிவப்புக் கண்ணாடி வைத்து எடுத்தால் பகல் இருட்டாகிவிடுமாம். சிவப்புக் கண்ணாடிக்கு எங்கே போவது? போன வருஷம் ஆடித் தபசுத் திருவிழாவில் என் தங்கைக்கு வாங்கிய காகிதக் கண்ணாடியைப் பிய்த்து, அதிலிருந்த சிவப்புத் தாளை ஒட்டினேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. பேயைக் காட்டினால் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். பேயைப் பார்க்கிறவர் முகத்தைக் காட்டு, அந்த முகத்தை விட்டு நகராதே. சரிதானா என்று பார்க்க டென்ட் கொட்டகைக்குப் போய், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தரை டிக்கெட்டில் இருந்த பெண்களின் முகங்களையே பார்த்தோம். ஒரு அம்மாள் எங்களை வைத வசவு இன்னும் காதில் இருக்கிறது. பாடம் என்னவோ சரிதான். ஆனால் அப்படி மிரண்டு நடிக்க எங்களுக்கு எந்தப் பெண் வருவாள்? முகம் இல்லாமலே எடுப்போம் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் தோட்டக் கிணறுதான் இடம். உச்சி நேரத்தில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது. ஊரில் ராத்திரியைவிட உச்சிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். அந்த நேரத்தில் சோறு கொண்டுபோனால் பேய் அண்டாமலிருக்கப் பானைக்குள் கரித்துண்டும் இரும்பாணியும் போடாமல் போகமாட்டார்கள். புத்தகம் கேட்ட வெயிலும் பேய் உலாவும் நேரமும் ஒன்றாக அமைந்ததில் எங்களுக்கு ஒரே கும்மாளம்.

அன்று காலை அம்மா என்னைக் கூப்பிட்டு, மேலத் தோட்டத்தில் உழுதுகொண்டிருந்த அண்ணனுக்கு மத்தியானக் கஞ்சி கொண்டுபோகச் சொன்னாள். "எனக்கு வேற சோலி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் போகாவிட்டால் வேறு யார் போவார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சிநேகிதன் வேட்டியைச் சேலை மாதிரி சுற்றி, கற்றாழை நாரில் கரி பூசி முடியாகத் தொங்கவிட்டுக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினான். நான் கல்தொட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு கேமராவுக்குச் சாவி முறுக்கினேன். முழுக்க முறுக்கினால் அரை நிமிஷம் ஓடும். அவன் படியேறி வந்து, எனக்கு முதுகைக் காட்டி, வரப்பைப் பார்த்து நடக்க வேண்டும். நடந்தான். நன்றாகவே நடந்தான். அப்போது வரப்பு முனையில் தலையில் கஞ்சிப்பானையோடு என் அண்ணி வந்தாள்.

அண்ணிக்கு அப்போது ஐந்து மாசம். அதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்திருந்தது. இந்தத் தடவையாவது நிற்க வேண்டுமே என்று வீடே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது.

பானை விழுந்தது. அவளும் விழுந்தாள். நானும் அவனும் ஓடினோம். அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. அவனைப் பருத்திக் காட்டுக்குள் போய் ஒளியச் சொல்லிவிட்டு, தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தேன். கண் விழித்தாள்.

"தம்பி, கிணத்துல இருந்து ஒருத்தி ஏறி வந்தா. நீங்க பாத்தீங்களா?"

"நான் ஒண்ணும் பாக்கலையே அண்ணி. இப்பத்தான் இந்தப் பக்கமா வாரேன்."

பாவி நான், அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இன்னொருவன் கண்ணுக்குத் தெரியாதது தனக்கு மட்டும் தெரிந்தது என்றால் அது வேறென்ன?

"கரித்துண்டு போட மறந்துட்டேன் தம்பி. எம்மேலதான் தப்பு" என்று அழுதாள்.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. உச்சி நேரம் ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்துவிடுவாள். கோமதி அம்மன் சன்னதிக்கு எதிரே, பேய் பிடித்தவர்களை உட்காரவைக்கும் சக்கரக் குழியில் தினமும் அவளை உட்காரவைத்தார்கள். நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு, "இதையாவது எனக்கு விட்டுக்கொடு தாயே" என்று அவள் முணுமுணுத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கேட்டும் வாய் திறக்கவில்லை. அண்ணன் கோபம் தெரியும். என்னையும் கேமராவையும் சேர்த்துக் கிணற்றில் போட்டிருப்பான். அதைவிட, பிள்ளை கலைந்தால் கொன்றவன் நான்தான் என்று ஆகிவிடுமே என்ற பயம். காலையில் எழுந்ததும் அண்ணி அறையில் அழுகைச் சத்தம் கேட்கிறதா என்றுதான் முதலில் காது கொடுப்பேன்.

"சொல்லிருவோம்லே. அந்த அக்காவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நமக்குச் சோறு எறங்குமாலே?" என்று சிநேகிதன் நச்சரித்தான். படம் வரட்டும், காட்டினால்தான் நம்புவாள் என்று நான் நாளைக் கடத்தினேன்.

பம்பாய்க்குக் கழுவ அனுப்பிய சுருள் ஏழு வாரம் கழித்து வந்தது. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, அவனும் நானும் அண்ணியின் அறை ஜன்னலைச் சாத்தி, சுவரில் வேட்டியைக் கட்டினோம். "அண்ணி, ஒண்ணு காட்டுதேன். பயப்படாதீங்க. அது இவன்தான்" என்றேன். அவள் நம்பாமல் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

புத்தகம் பொய் சொல்லவில்லை. உச்சி வெயில் நிலா வெளிச்சமாகியிருந்தது. வெள்ளை உருவம் ஏறி வந்தபோது அண்ணி என் கையைப் பிடித்தாள். நடையில் சிநேகிதனின் மயிரடர்ந்த கரண்டைக்கால் தெரிந்ததும், "அடப் பாவிகளா" என்று சிரித்துவிட்டாள். ஏழு வாரத்தில் அவள் சிரித்தது அன்றுதான். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் வரப்பில் அவளே வந்தாள். புத்தகம் கேட்ட முகம் அதுதான். பானை விழுந்தது, அவளும் விழுந்தாள். பேய் முடியைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடிப்போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தது. திரும்பிக் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டது. படம் ஓடிக்கொண்டே இருந்தது. நானும் அவனும் ஓடினோம் என்று மேலே எழுதினேன் இல்லையா? அந்த ஏழு வாரமும் அப்படித்தான் நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணி என் கையை விட்டாள்.

"நான் விழுந்த பொறவும் ஓடுதே. எப்ப நிறுத்துனீங்க தம்பி?"

"நான் நிறுத்தலை அண்ணி. சாவி தீந்து தானா நின்னுச்சு."

அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள். அண்ணனிடம் கடைசி வரைக்கும் சொல்லவும் இல்லை. மாசம் நிறைந்து பெண் பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். அந்தச் சுருளை நான் வேறு யாருக்கும் காட்டவில்லை. பதினாறாம் நாள் சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு அண்ணியின் தாய் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனேன். நான்தான் முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். அண்ணி என்னைத் தாண்டிப் பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள்.