டெல்மர் தனக்கு எடுத்துக்கொண்ட பேரல்

எங்கள் ஊர் துப்பாக்கி சுடுதளத்தில் போட்டி நாளன்று அடுப்புப் பக்கம் போனால், ஏப்ரன் கட்டிக்கொண்டு பர்கர் வாட்டிக்கொண்டிருப்பவன் டெல்மர் குவிஸ்டாகத்தான் இருப்பான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குறி தப்பியதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்கிறவன், அன்று மத்தியானம் எல்லோருக்கும் பர்கர் வாட்ட வேண்டும். காற்றைத் திட்டலாம், கண்ணைத் திட்டலாம், முந்தின நாள் குடித்த பீரைத் திட்டலாம். துப்பாக்கியைத் திட்டினால் ஏப்ரன் கழுத்தில் விழும். டெல்மர் ஒருநாளும் துப்பாக்கியைக் குறை சொன்னவன் இல்லை. இருந்தும் இரண்டு வருடமாக அந்த ஏப்ரனை அவன் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. ஓரின் பிராட்டும் வரிசையில் வந்து நிற்பான், தட்டை நீட்டுவான், "தேங்க்ஸ்" என்பான். நாற்பது வருடப் பழக்கத்தில் மிச்சம் அந்த ஒரு வார்த்தைதான்.

நான் மார்வா. ஊரில் இருக்கிற ஒரே துப்பாக்கிக் கடை என்னுடையது. இரண்டு பயல்களையும் மூக்கொழுகிய காலத்திலிருந்து எனக்குத் தெரியும். டெல்மர் கேஸ் லாரி ஓட்டுகிறான். பண்ணை வீடு வீடாகப் போய்த் தொட்டியை நிரப்புவது வேலை. பனிப்புயலில் சாலையை மூடினாலும், "அந்தக் கிழவி குளிர்ல விறைச்சுப் போயிடுவா" என்று கிளம்பிவிடுவான். என் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்தபோது, தரைக்கு அடியில் ஊர்ந்து போய்ச் சரிசெய்தவன் அவன்தான். நல்லவன். எனக்குக் கோபமே அதனால்தான். கெட்டவன் இதைச் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.

ஓரின் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவன். போட்டியில் இருவரும் ஜோடி. ஒருவன் சுடும்போது மற்றவன் பக்கத்தில் படுத்து, தொலைநோக்கியில் புல் சாய்வதையும் கானல் ஓடுவதையும் பார்த்துக் காற்றைச் சொல்வான். எங்கள் மொன்டானா காற்றைப் படிக்க டெல்மரை விட்டால் ஆள் கிடையாது. சுடுவதில் ஓரின்.

சில வருடங்களுக்கு முன் இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கி கட்டிக்கொள்ள ஆசை வந்தது. ஒரு மைல் தள்ளி நிற்கும் இரும்புத் தகட்டை அடிக்க வேண்டும் என்றால், கடையில் தொங்குவதை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட முடியாது. முதலில் பேரல் ஆக்‌ஷன் வாங்க வேண்டும். குண்டு பாய்ந்து போகிற குழாயான பேரலையும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற ஆக்‌ஷனையும் திருகி ஒன்றாக்கி அனுப்புவார்கள். கட்டை, ட்ரிக்கர், தொலைநோக்கி எல்லாம் அவரவர் இஷ்டம். மற்றது எதையும் பிறகு மாற்றலாம். இதில் சறுக்கினால் எல்லாம் சறுக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க என் கடை மேசை அவர்களுடைய போர்க்களம்.

"மெல்லிசு பேரலா எடுடா. மலையேறும்போது முதுகு ஒடியாது" என்பான் டெல்மர்.

"நீ எப்போடா மலையேறின? லாரியிலேருந்து இறங்கவே உனக்கு ஏணி வேணும். தடிச்சதா எடு. தொடர்ந்து சுட்டா மெல்லிசு சூடேறிக் கோணிக்கும்."

"சரி, தடிச்சது. பேரலுக்குள்ள திருகித் திருகிப் போற உள்வரி எவ்வளவு நெருக்கமா சுத்தணும்? நீள குண்டு தள்ளாடாம போகணும்ல?"

"அதெல்லாம் உன் பாடு. நீதானே ராத்திரியெல்லாம் படிக்கிற."

"குதிரைக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிற மாதிரி இதைப் போய் இவ்வளவு பாக்கறீங்க" என்று நான் சொன்னால், இருவரும் சேர்ந்துகொண்டு என்னை வாரிவிடுவார்கள்.

ஒருவழியாக முடிவு செய்து, ஒரே தயாரிப்பில் இரண்டு வரவழைத்தோம். பெட்டி வந்த நாளில் ஓரின் ஏதோ பண்ணையில் ஒரு முரட்டுக் குதிரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். போனிலேயே சொல்லிவிட்டான்: "நீயே பாத்து எனக்கு ஒண்ணை எடுத்து வைடா. உன் கண்ணு போதும்."

டெல்மர் என் கேமராவை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். வயர் மாதிரி மெல்லிசாக இருக்கும் அது. பேரலுக்குள் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் திரையில் தெரியும். ஒரு பேரல் கண்ணாடி மாதிரி இருந்தது. மற்றதில், உள்வரிகள் தொடங்குகிற வாய்ப்பக்கம் கடைசல் கருவி துள்ளி, வரிசையாகத் தழும்பு விழுந்திருந்தது. நான் முன்னால் யாருக்கோ மீன்பிடி லைசென்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். டெல்மர் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து, "ரெண்டும் அருமைக்கா" என்றான். நல்லதைத் தன் பெயரில் எழுதச் சொன்னான்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். வேறு வர அடுத்த சீசன் ஆகிவிடும், இருவரும் ஒரே நாளில் கட்டி முடிக்கிற ஆசை கெட்டுவிடும். 'சுடச் சுட வழவழப்பாயிடும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டானாம். புதுப் பேரலைப் பற்றி நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வதுதான் அது, சில சமயம் உண்மையும்கூட. "அவ்வளவு நம்பிக்கை இருந்தா தழும்பு உள்ளதை நீ எடுத்திருக்க வேண்டியதுதானே?" என்று பின்னால் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தத் தழும்பு ஒவ்வொரு குண்டின் மேலுறையிலிருந்தும் கொஞ்சம் செம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. துடைத்துச் சுத்தம் செய்த பேரலில் முதல் சில குண்டுகள் அச்சடித்த மாதிரி போகும். செம்பு படியப் படிய, குண்டு இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று சிதறும். காலையில் ஓரின் தகட்டின் நடுவில் அடிப்பான். மத்தியானத்துக்குள் விளிம்பைத் தேடுவான். வேறு ஒருவனாக இருந்தால் பேரலைச் சந்தேகப்பட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கேமராவை வாங்கி உள்ளே பார்த்திருப்பான். ஓரினுக்கு அது தோன்றவே இல்லை. பேரலைத்தான் டெல்மர் பார்த்தாயிற்றே.

இன்னொரு காரணமும் இருந்தது. ஓரினுடைய அப்பா எங்கள் தளத்திலேயே பெரிய குறிகாரர். அவருக்கு நடுக்குவாதம் வந்தது. காப்பிக் கோப்பை ஆடுவதற்கு வெகு முன்பே, தாளில் ஓட்டைகள் விலக ஆரம்பித்துவிட்டன. காலையில் சரியாக இருக்கும், போகப் போகச் சிதறும். அப்போது எல்லோரும் கண்ணாடியை மாற்றச் சொன்னோம். கடைசியில் ஸ்பூன் பிடிக்க முடியாமல், ஓரின்தான் ஊட்டிவிட்டான். அதே மாதிரி இப்போது தன் குறியும் சிதறுவதைப் பார்த்தால் மனிதன் என்ன நினைப்பான்?

"காத்து, என் தப்புடா. தப்பா சொல்லிட்டேன்" என்பான் டெல்மர்.

"இல்லடா. நீ சரியாத்தான் சொன்ன" என்று ஓரின் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் மத்தியானம் கேஸ் லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஓரின் சொல்லிவிட்டான்.

"எங்கப்பாவுக்கு வந்ததுதான்டா எனக்கும்."

"உளறாதே. டாக்டரைப் போய்ப் பாரு."

"அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்கு மனப்பாடம். லெனோரை அனுப்பிடப் போறேன். எங்கம்மா பட்டதை அவ படக் கூடாது."

லெனோர் எங்கள் கால்நடை டாக்டரிடம் வேலை பார்த்தவள். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஓரினுக்கும் வாய்த்த துணை. அந்த இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று சர்ச்சில் சொல்லியும் வைத்திருந்தார்கள். டெல்மர் வாயைத் திறந்தான். தொண்டை வரைக்கும் வந்துவிட்டதாம். பிறகு தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து, "சாப்பிடுடா" என்று நீட்டினான். இதை என்னிடம் சொல்லும்போது பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதான். "முதல் மாசமே சொல்லியிருந்தா நாலு திட்டோட போயிருக்கும்க்கா. நாள் ஆக ஆக வாயே வரலை." எனக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது.

லெனோர், "நான் பார்த்துக்கறேன், எனக்குப் பயமில்லை" என்றுதான் சொன்னாள். ஓரின் கதவைத் திறக்கவில்லை. அவள் பையில் வைத்துவிட்டுப் போன சூப் வாசலிலேயே உறைந்து கிடந்தது. ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, பில்லிங்ஸ் நகரத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய அலமாரியை முதுகில் சுமந்து வண்டியில் ஏற்றியவன் டெல்மர்தான். பில்லிங்ஸ் வரைக்கும் கொண்டுபோய் இறக்கியும் கொடுத்தான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு, "ஓரினுக்கு நீங்களாவது துணைக்கு இருக்கீங்களே" என்றாளாம்.

அதற்குப் பிறகு டெல்மர் தன் துப்பாக்கியைத் தொடவே இல்லை. ஓரின் வீட்டில் விறகு பிளந்து அடுக்கினான், பனியை வாரித் தள்ளினான். இப்படி ஒரு சிநேகிதம் யாருக்குக் கிடைக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் காலையில் ஓரின் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான்.

"வித்துக் குடுங்கக்கா. எனக்கு இனிமே எதுக்கு?"

கடைக்குப் பின்னால் என் கேஸ் தொட்டியை நிரப்பிவிட்டு, டெல்மர் ரசீதில் கையெழுத்து வாங்க அப்போதுதான் உள்ளே வந்தான். பழைய துப்பாக்கி எது வந்தாலும் உள்ளே பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வேன். கேமராவை எடுத்தேன்.

"அக்கா, வேண்டாம்" என்றான் டெல்மர்.

"ஏன்டா?"

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்." முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "ஓரின், உன் கையில ஒண்ணும் இல்லடா. பேரல்தான். ஆரம்பத்திலேருந்தே தழும்பு. நான் பாத்துட்டுத்தான் உனக்குக் குடுத்தேன். நல்லதை நான் எடுத்துக்கிட்டேன்."

ஓரின் அவனைப் பார்த்தான். லாடம் அடிக்கிற கை, ஒன்று விழுந்தால் டெல்மருக்குப் பல் மிஞ்சாது. நான் மேசையைச் சுற்றிக்கொண்டு இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"லாரியில உன்கிட்ட சொன்னேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"லெனோர் சாமானை ஏத்தினியே, அப்போ?"

"தெரியும்டா."

ஓரின் மேசைமேல் கிடந்த தன் துப்பாக்கியை ஒதுக்கித் தள்ளினான். பிறகு, "உன் துப்பாக்கி எங்க?" என்றான்.

கடையைப் பூட்டிவிட்டு மூவரும் தளத்துக்குப் போனோம். ஓரின் டெல்மருடைய துப்பாக்கியோடு படுத்தான். பழக்கத்தில் டெல்மரும் பக்கத்தில் படுக்கப் போனான்.

"நீ வேண்டாம். அக்கா சொல்லட்டும்."

டெல்மர் எழுந்து, வேலிப் பக்கமாகப் போய் நின்றான். எனக்குத் தெரிந்த அளவுக்குக் காற்றைச் சொன்னேன். ஓரின் அவசரப்படாமல், ஒரு பெட்டித் தோட்டா காலியாகும் வரைக்கும் சுட்டான். தொடக்கத்தில் எப்படித் தகடு மணியடித்ததோ, முடிகிறபோதும் அப்படியே அடித்தது. ஓரின் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் திருப்பிப் போட்டுப் பார்த்தான். இத்தனை நாளும் பிணத்தைப் போலத் தூக்கிக்கொண்டு திரிந்த கைகள். அவன் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன், அவன் அப்பா அடக்கத்தில்கூடப் பார்த்ததில்லை.

நான் விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். நடக்க வைத்து, எழுத வைத்து, விரலைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்றார். வாசலில் டெல்மர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"லெனோர்கிட்ட நீ போய்ச் சொல்லு" என்றான் ஓரின். "நான் போனா கெஞ்ச வந்த மாதிரி இருக்கும். நீ என்ன செஞ்சேன்னு உன் வாயால சொல்லு."

டெல்மர் அன்றே பில்லிங்ஸுக்குப் போனான். தான் சாமான் இறக்கிய வீட்டில் வேறு யாரோ இருந்தார்களாம். கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு புது வீட்டுக்குப் போனான். லெனோர் கதவைத் திறந்ததும், வாசலில் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னான். பின்னறை, கேமரா, தழும்பு, சாண்ட்விச், அலமாரி எல்லாம். அறைவாள் என்று நினைத்தானாம். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்ததாம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்போ ஓரினுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் இல்லை. டாக்டரும் பாத்துட்டார்."

லெனோர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். "நல்லா இருக்காரா, நல்லா இருக்காரா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், "யாரும்மா வந்திருக்கிறது?" என்று கேட்டது.

லெனோர் எழுந்து, கையில் கிடந்த புதுக் கல்யாண மோதிரத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க ஊர்க்காரர்ங்க" என்றாள் உள்ளே பார்த்து. "நல்ல சேதி சொல்ல வந்திருக்கார்."